மூவாயிரத்துப் பதினேழாவது பார்

வேலைக்கு முறை வகுக்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. நமக்கு முன்னால் எழுந்து, நம்மைவிட அதிகமாக வியர்த்து, வேலையை எந்த வரிசையில், எந்தக் காகிதத்தில், எந்த நிற மையில் செய்வது என்று ஓயாமல் முடிவு செய்துகொண்டே இருப்பார். வேலை? அது ஓரமாக உட்கார்ந்து காத்திருக்கும். உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். 2008இல் சிதம்பரத்தில் இருந்தவரின் பெயர் அந்தோணிசாமி.

அண்ணாமலை நகர் போகிற சாலையில், ஒரு மாடி அறையில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தார். கடலூரில் நடனம் சொல்லிக்கொடுக்கும் மாலதி, தன் முதல் நாட்டிய நாடகத்துக்கு இசை கேட்டு அவரிடம் வந்தார். ஓர் ஆற்றின் கதை. ஒன்பது காட்சி, ஒன்பது இசைத் துண்டு, இருபத்திரண்டு பிள்ளைகள். அந்தோணிசாமி ஒன்பது துண்டையும் கணினியில் ஒரே ப்ராஜெக்டில் வரிசையாக வைத்தார். இசை பிரமாதமாக வந்திருந்தது. சிக்கல் பாரில்தான்.

பார் என்றதும் கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற சாலையை நினைத்துவிடாதீர்கள். இசையை நாலு நாலு தட்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவும் ஒரு பார். "இருபதாவது பாரில் புல்லாங்குழல் வரட்டும்" என்று சொல்லிக்கொள்ளத்தான் அதற்கு எண். சொல்லிக்கொள்ள மட்டும்தான். ஆனால் அந்தோணிசாமி அதை அப்படியா விடுவார்?

முதலில் ஒன்றிலிருந்து அறுநூற்றுப் பன்னிரண்டு வரை ஒரே ஓட்டமாக எண் போட்டார். குறிப்புத்தாள்களை ஜெராக்ஸ் எடுத்து நூலால் தைத்தும் வைத்தார். மறுநாள் மாலதி போன் செய்தார்.

"அண்ணே, ரெண்டாவது காட்சியில சின்னப் பொண்ணுக்கு மூச்சு வாங்குது. எட்டு பார் கொறச்சிடுங்க."

குறைப்பதற்கு ஒரு நிமிடம் ஆனது. அதன்பின் வந்த அத்தனை எண்களும் எட்டெட்டாகச் சரிந்துபோனதால் எல்லாத் தாளையும் திருத்தி எழுத மூன்று நாள் ஆனது. இனி எந்தக் காட்சியைக் குறைத்தாலும் மற்றவை அசையக் கூடாது என்று, அடுத்து ஒவ்வொரு துண்டையும் ஒன்றிலிருந்தே தொடங்கினார். அதற்கு இரண்டு நாள். இப்படியாக, குழலும் வயலினும் சேர்க்க வேண்டிய ஒலிப்பதிவு, நிகழ்ச்சி நடக்கிற அன்று காலைக்கு வந்து நின்றது.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து டவுன் பஸ்ஸில் புல்லாங்குழல் சுப்புராயன் வந்தார். வயலின் லோகநாயகி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அந்தோணிசாமி, "பதினேழாவது பார்லேர்ந்து எடுப்போம்" என்றார். வயலினில் மழை கொட்டியது. புல்லாங்குழலில் படகு நகர்ந்தது. ஒருவர் மூன்றாம் காட்சியின் பதினேழில் இருந்தார், மற்றவர் நாலாம் காட்சியின் பதினேழில்.

வேறு யாராவதாக இருந்தால் "மழைக் காட்சி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போயிருப்பார்கள். அந்தோணிசாமிக்கோ முகம் மலர்ந்துவிட்டது. புது முறை ஒன்று பிறந்திருந்தது. முதல் காட்சி ஆயிரத்து ஒன்றில் தொடங்கும், இரண்டாவது இரண்டாயிரத்து ஒன்றில், ஒன்பதாவது ஒன்பதாயிரத்து ஒன்றில். எண்ணைக் கேட்ட உடனே காட்சி தெரிந்துவிடும், எதைக் குறைத்தாலும் அடுத்தது அசையாது. நியாயமாகச் சொன்னால் நல்ல யோசனைதான். கணினியிலும் ஒவ்வொரு துண்டையும் அந்தந்த எண்ணுக்கே நகர்த்தி வைத்தார்.

"இப்ப மூவாயிரத்துப் பதினேழு, மாமா."

சுப்புராயன் குழலை மடியில் வைத்தார். "அவ்ளோ தூரம் போறதுக்குள்ள எனக்கு மூச்சு இருக்குமா அந்தோணி?"

ஆனாலும் இருவரும் பென்சிலால் புது எண்களை எழுதிக்கொண்டு வாசித்தார்கள். நன்றாகவே வாசித்தார்கள். இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. சிடிக்காக மாலதி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கடலூருக்கு ஒன்றேகால் மணி நேரப் பயணம், ஆறு மணிக்குத் திரை தூக்க வேண்டும். ஒன்பதையும் சேர்த்து ஒரே ஓட்டமாக வெளியே எடுக்கிற பொத்தானை அந்தோணிசாமி பெருமிதத்தோடு அழுத்தினார்.

மொத்த நீளம் ஏழரை மணி நேரம் என்று காட்டியது கணினி.

"ஏழரையா? அது உங்களுக்காண்ணே, எனக்கா?" என்று கேட்டார் மாலதி.

காட்சிக்குக் காட்சி ஆயிரம் பார் தள்ளி வைத்தார் அல்லவா? நடுவில் கிடந்த அத்தனை வெறும் பாரையும் கணினி மரியாதையாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தது. ஒரு துண்டு முடிந்து அடுத்தது வருவதற்குள் பிள்ளைகள் மேடையிலேயே தூங்கி எழுந்திருக்கலாம். அந்தோணிசாமிக்குக் காது சூடாகிவிட்டது. இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் இந்நேரம் ஜடை பின்னி முடித்திருப்பார்கள்.

வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டே லோகநாயகி கேட்டார். "ஒவ்வொண்ணா தனியா எடுக்க முடியாதா?"

"முடியும். ஆனா ஒன்பதுக்கும் பேர் வைக்கிறதுக்கு ஒரு முறை..."

"மழைன்னா மழை, படகுன்னா படகு. அடிங்கண்ணே, நான் சொல்றேன்," என்று மாலதி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் சிடி கைக்கு வந்தது.

அந்தோணிசாமியும் மாலதியோடு கடலூர் பஸ்ஸில் ஏறிப் போய் அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்தார். ஆறே காலுக்குத் திரை தூக்கினார்கள். படகுக் காட்சியில் எல்லாம் அடங்கிக் குழல் மட்டும் எழுந்தபோது, பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தோணிசாமியும் குழலையே கேட்டுக்கொண்டிருந்தார். அது எத்தனையாவது பார் என்றே நினைவில்லை. அரை நிமிடம் அப்படி இருந்தார். பிறகு நினைவு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் எண்ணே வேண்டாம், எழுத்து போடலாமா என்று யோசிக்கத் தொடங்கியதாகக் கேள்வி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை மளிகைச் சீட்டைப் பருப்பு தனி, எண்ணெய் தனி, சோப்பு தனி என்று பிரித்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் இரண்டாம் முறை எழுதி எடுத்துக்கொண்டு கிளம்பினீர்களே, கடை திறந்திருந்ததா?