கறுத்துப்போன கோஸும் கை நனைக்காத பெரியப்பாவும்

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வரும் நாளில் மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு வேலைதான். இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. (சொன்னதாக அம்மா சத்தியம் செய்கிறாள். அவள் எதற்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்வாள்.)

அப்போது எனக்கு அரியலூரில் ஒரு லாரி ஆபீஸில் வேலை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய எந்த லாரி எங்கே நிற்கிறது என்று நாள் முழுக்கப் போனில் கத்திக்கொண்டிருப்பேன். எனக்கு ஜாதகம் பொருந்தி வந்த பெண் நித்யா. ஊர் பெரம்பலூர், வேலை போலந்தில். போனில் பேச ஆரம்பித்ததுமே நான் விழுந்துவிட்டேன். அவள் விழவில்லை. நிதானமாகக் கேள்வி கேட்டாள்.

"சமைக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"ஓ, தெரியுமே!"

"என்னென்ன செய்வீங்க?"

"எல்லாமே ஓரளவுக்குச் செய்வேங்க." (சுடுதண்ணீர் வைப்பேன். முட்டை வேகவைப்பேன், அதிலும் பாதி வெடித்துவிடும்.)

"அப்பச் சரி. நான் இங்க வேலை முடிஞ்சு வந்து, ஒரே சட்டியில கோஸ், உருளைக்கிழங்கு, வெங்காயம், சாஸேஜ் எல்லாத்தையும் போட்டு வதக்கிச் சாப்பிட்டுட்டுப் படுத்துருவேன். இந்த ஊரு ஆளுங்க செய்யறதுதான். செலவும் கம்மி, கழுவுற பாத்திரமும் ஒண்ணுதான். எங்க வீட்டு ஆளுங்க ஞாயித்துக்கிழமை வர்றப்ப நீங்க அதைச் செஞ்சு போடுங்க. எங்கப்பா ஒரு வாய் சாப்பிடணும். நான் வீடியோவுல பார்ப்பேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"விளையாட்டுக்குச் சொல்லலைங்க. வேலைக்கும் போயிட்டு வந்து, காலை நீட்டி உக்காந்திருக்க ஆளுக்குச் சமைச்சுப் போட என்னால முடியாது. அப்பா சாப்பிட்டார்னா எனக்குச் சம்மதம். இல்லன்னா இத்தோட விட்டுருவோம்."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடிவாகும்வரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிக்கலாம், கேசரி தின்னலாம், பஜ்ஜி தின்னலாம். பலகாரம் கணக்கில் வராது. சாப்பாடு மட்டும் ஆகாது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். அதன் பிறகு பின்வாங்கினால் ஊர் சிரிக்கும். முதல்முறை வீடு பார்க்க வருகிறவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள்? சாப்பிடாவிட்டால் நித்யா எப்படிச் சம்மதிப்பாள்?

இரண்டு நாள் மண்டை காய்ந்தேன். பிறகு என் மூளை ஒரு கண்டுபிடிப்பைச் செய்தது. இந்தப் போலந்துப் பண்டத்தில் சோறு கிடையாது. சோறில்லாதது எப்படிச் சாப்பாடாகும்? ஆகாது! நித்யாவுக்கு அது ராத்திரிச் சாப்பாடு, அவள் வீட்டாருக்கு அது பலகாரம். என்னைவிட அறிவாளி அரியலூரில் இல்லை என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாஸேஜ் பாக்கெட்டோடு அடுப்படிக்குள் நுழைந்தேன். அம்மா வாங்கிப் பார்த்தாள்.

"என்னடா இது?"

"கோழிக்கறியில செஞ்சதும்மா."

"நல்ல காரியம் பேச வர்ற அன்னிக்குக் கவிச்சியா? வெளங்கும்! எடுத்துட்டுப் போடா அங்கிட்டு!"

சாஸேஜ் பக்கத்து வீட்டுக்குப் போனது. அதற்குப் பதிலாக மீல்மேக்கர் போடுவது என்று முடிவு செய்தேன். அடுத்தது கோஸ். அது புளிப்பாக இருக்க வேண்டும், அங்கே புளிக்கவைத்த கோஸ் பாட்டிலில் கிடைக்கும் என்று நித்யா சொல்லியிருந்தாள். கடைத்தெருவில் விசாரித்தேன்.

"புளிச்ச கோஸ் இருக்குங்களா?"

"கெட்டுப்போன கோஸா?" என்றார் காய்கறிக் கடைக்காரர்.

"கெட்டுப்போனது இல்லைங்க, புளிச்சது."

"அதைத்தான தம்பி நானும் கேக்குறேன்? மாட்டுக்கா?"

நல்ல கோஸாகவே வாங்கி வந்துவிட்டேன். புளிப்புதானே வேண்டும்? வீட்டில் புளி இருக்கிறது. ஒரு பெரிய உருண்டையைக் கரைத்தேன். சட்டி இரும்பில் இருந்தால்தான் ருசி என்றும் நித்யா சொல்லியிருந்தாள். அம்மாவின் இரும்பு வடச்சட்டியை அடுப்பில் ஏற்றி, வெங்காயம், உருளைக்கிழங்கு, மீல்மேக்கர், கோஸ் எல்லாவற்றையும் கொட்டி, புளிக்கரைசலை ஊற்றிக் கிளறினேன். கிளறக் கிளற அது கறுத்தது. தீ அதிகம் போல என்று குறைத்தேன். இன்னும் கறுத்தது. தீயை அணைத்தேன், அப்போதும் கறுத்தது! அணைத்த அடுப்பில் ஒன்று எப்படிக் கருகும்? எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

வாசலில் கோலம் போட்டுவிட்டு அம்மா உள்ளே வந்தாள்.

"அடப்பாவி! இரும்புச் சட்டியில புளிய ஊத்துனியா? கறுக்காம என்ன செய்யும்? தார் காய்ச்சி வச்ச மாதிரில்ல இருக்கு!"

வேறு செய்ய நேரம் இல்லை. வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது.

பெண் வீட்டாரில் பேசுகிறவர் நித்யாவின் பெரியப்பா. உடையார்பாளையத்தில் முந்திரி வியாபாரம். அந்தக் குடும்பத்தில் முறை, சம்பிரதாயம் எல்லாவற்றுக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். நித்யாவின் அப்பா பெரம்பலூரில் விதைக்கடை வைத்திருப்பவர். சுபாவமே அமைதி. தம்பி என்று என்னைக் கூப்பிட்டு ஒரு புன்னகை செய்ததோடு சரி. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, காபி வந்தது. பெரியப்பா எல்லாவற்றையும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டின் உத்தரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது நித்யா வீடியோவில் வந்தாள். போனை ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்தோம்.

"செஞ்சுட்டீங்களா? எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்" என்றாள்.

நான் தட்டுகளோடு வந்தேன். தட்டில் இருந்ததைப் பெரியப்பா குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது என்னது?"

"போலந்து... பலகாரங்க."

"என்னது, பலகாரமா?" என்று போனிலிருந்து நித்யாவின் குரல் வந்தது. "ராத்திரிச் சாப்பாடு செய்யச் சொன்னா பலகாரம் பண்ணி வச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க, சாப்பாடுதான்" என்றேன் அவசரமாக.

பெரியப்பா நெருப்பைத் தொட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். "சாப்பாடா? இன்னும் ஒண்ணுமே பேசலையே தம்பி. அதுக்குள்ள சாப்பாடு போட்டா எப்படி? ரொம்ப அவசரப்படுறீங்களே!"

"ஐயோ, சாப்பாடு இல்லைங்க. பாருங்க, இதுல சோறே இல்ல."

"சோறு இல்லன்னா இது தொட்டுக்கிறது. எதுக்குத் தொட்டுக்கிறது?"

"எதுக்கும் இல்லைங்க. சும்மாவே சாப்பிடறது."

"சும்மாவே வயிறு நெறையச் சாப்பிட்டா அது சாப்பாடுதானய்யா!"

"அதைத்தான் பெரியப்பா நான் தெனம் சாப்பிடுறேன்" என்றாள் நித்யா.

"கேட்டீங்களா? என் வூட்டுப் பொண்ணே சொல்லுது."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பலகாரம் என்றால் பெண் போய்விடும். சாப்பாடு என்றால் பெண் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். நான் போனைப் பார்த்துச் சாப்பாடு என்றும், பெரியப்பாவைப் பார்த்துப் பலகாரம் என்றும் மாறி மாறிச் சொல்லி, ஒரு கட்டத்தில் திசை தவறிப் பெரியப்பாவிடமே சாப்பாடு என்று சொல்லிவிட்டேன். வந்திருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். உப்புமாவும்தான் வயிறு நிறைகிறது, அது சாப்பாடா என்றது ஒரு கட்சி. உப்புமாவைப் பற்றி இங்கே பேச வேண்டாம் என்றது இன்னொரு கட்சி. அம்மா கண்ணால் எனக்கு ஏதோ ஜாடை காட்டினாள். உப்பு கேட்கிறாளாக்கும் என்று ஓடிப்போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து நீட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். (அப்பா பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். அவர் எதிலும் தலையிடுவதில்லை.)

எல்லாம் கைவிட்டுப் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது, ஐயா! அவ்வளவு பிடித்திருந்தது.

அப்போதுதான் நித்யாவின் அப்பாவைக் கவனித்தேன். அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதித் தட்டு காலி.

"டேய்! என்னடா பண்ற?" என்று பெரியப்பா அலறினார்.

நித்யாவின் அப்பா போனைப் பார்த்துக் கேட்டார்.

"இதையாம்மா நீ தெனம் சாப்பிடுற?"

"அப்பா! நான் செய்யறது இப்படிக் கறுப்பா இருக்காதுப்பா. நல்லா இருக்கும்ப்பா."

"என்ன கலரா இருந்தா என்னம்மா? ஒத்தையில உக்காந்துதான சாப்பிடுற?"

நித்யா ஒன்றும் பேசவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று நான் போனைத் தட்டப் போனேன். நிற்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உப்புமாக் கட்சிகூட அடங்கிவிட்டது.

அவள் அப்பா மிச்சத்தையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். வேகாத உருளைக்கிழங்கு ஒன்று கடபுடவென்று சத்தம் போட்டது. கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க மாப்ள."

மாப்ள! சொம்போடு ஓடிவந்து, பாதித் தண்ணீரை அவர் வேட்டியிலேயே ஊற்றினேன். பெரியப்பா தம்பியையும் என்னையும் காலித் தட்டையும் பார்த்தார். "இவன் நனைச்சுட்டான், இனிமே நான் மட்டும் மடியில கைய வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று முனகிக்கொண்டே ஒரு வாய் எடுத்தார். அவர் முகம் போன போக்கை நான் சொல்ல மாட்டேன். ஜென்மத்துக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவன் நான்.

"அப்பா சாப்பிட்டாச்சுல்ல? இப்ப அவரையும் சாப்பிடச் சொல்லுங்க" என்றாள் நித்யா. அழுதுகொண்டே சிரித்தாள். சட்டியில் மிச்சம் இருந்தது முழுவதையும் நான் ஒருவனே தின்று முடிக்கும்வரை அவள் போனை வைக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. இப்போது நானும் போலந்தில்தான் இருக்கிறேன். ராத்திரிச் சமையல் என் பொறுப்பு. கோஸ் கறுப்பதில்லை. இரண்டு தட்டு வைக்கிறோம். சாப்பிட உட்கார்ந்ததும் நித்யா அவள் அப்பாவுக்கு வீடியோவில் தட்டுகளைக் காட்டுகிறாள். அவர் இரண்டையும் பார்த்த பிறகுதான் படுக்கப் போகிறார்.

ஆனால் அந்தக் குடும்பத்தில் யார் வீட்டில் சம்பந்தம் பேசப் போனாலும் இன்றைக்கும் என் தலைதான் உருள்கிறது. முடிந்துவிட்டதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. "கோஸ் வச்சாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். போன மாதம் பெரியப்பாவின் பேத்திக்குத் திருமானூரில் ஒரு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்கள். நல்ல குடும்பம், நல்ல பையன், எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். சூடாகப் பக்கோடா கொண்டுவந்து வைத்தார்கள். பெரியப்பா ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்தார். உள்ளே முட்டைக்கோஸ். சத்தமில்லாமல் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டுக் கேட்டாராம்:

"இதை யாரு செஞ்சது? மாப்பிள்ளையா?"