சுண்ணாம்புத் தொட்டியோரம் கூடிய கமிட்டி

வேலூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் உள்ள அத்தனை பேரின் பொறுமையையும் ஒரே ஆள் சோதித்தார் என்றால், அது எங்கள் வெள்ளைக்கோட்டுதான். சொந்தப் பெயர் சம்பளம் போடும் குமாஸ்தாவுக்கு மட்டும் தெரியும். ஆராய்ச்சிக்கூடத்தில் மாட்டிய கோட்டைக் கழற்றாமல் சந்தைக்குப் போவார், கல்யாணத்துக்கும் போவார். வேலூர்ப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு என்றால் டாக்டர். பஸ்ஸில் ஏறினால் யாராவது அவர் முன்னால் நாக்கை நீட்டுவார்கள். இவர் அதைச் சாவகாசமாகப் பார்த்துவிட்டு, "எதுவரைக்கும் படிச்சே?" என்று கேட்பார்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆன சமயம். ஆம்பூரில் ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடம். அவர் தோல் ரசாயன நிபுணர், நான் உதவியாளன். ஆவாரம்பட்டைச் சாற்றில் தோல் சீக்கிரம் பதமாக ஒரு வழி கண்டுபிடிக்க வருஷக்கணக்கில் இருவரும் மாரடித்தோம். கட்டுரை அச்சில் வரும், அதில் என் பெயரும் இருக்கும் என்று என் மாமனார் வரைக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் வந்தார். கொதித்துக்கொண்டிருந்த சாற்றின் அடுப்பை அணைத்தார்.

"தேவராஜ், இதை நிறுத்திடலாம்."

"இன்னா சார் சொல்றீங்க? முடியப்போற நேரத்துல!"

"முடிச்சு? யாரு படிப்பா? இங்க தோல் பதனிடுற டேனரில வேலை செய்றவன் ஒருத்தனுக்காவது ரசாயனம் சொல்லிக் குடுத்திருக்கமா? முதல்ல ஆளைத் தயார் பண்ணுவோம். அப்புறம் கட்டுரை."

மாமனாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அந்த மனுஷன் அடுத்த வேலையை ஆரம்பித்தே விட்டார். தொழிலாளிகளுக்கு மாலை வகுப்பு, படித்து முடித்தால் சர்க்கார் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் மேஸ்திரிக்கும் மேலே சூப்பர்வைசர் வேலை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன்தான் அந்தச் சான்றிதழுக்குப் படிக்கலாம் என்பது சர்க்கார் விதி. சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்த கன்னியப்பன் அஞ்சாவதோடு நின்றவன். விதி மாறாவிட்டால் அவனுக்கு ஆயுசுக்கும் தொட்டிதான். தினமும் எங்கள் வாசலில் வந்து நிற்பான்.

"கிளாஸ் வருமா சார்?"



அவன் முதலாளி ஹாஜியார் நல்ல மனுஷர். அவரையும் வெள்ளைக்கோட்டு விடவில்லை. ஆட்களைச் சாயங்காலம் முன்னாடியே விடச் சொல்லி நச்சரித்தார்.

"பெரிய பேஜாரா கீது சார்! தொட்டில ஊறுற தோலுக்கு சாயங்காலம்னா தெரியுமா?" என்றார் ஹாஜியார்.

இவர் அசரவில்லை. ஹாஜியார் மகள் நிக்காஹ்வுக்கே போய், மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று ஆரம்பித்தார். ஹாஜியார் ஓடி வந்தார்.

"அல்லாவே! ஆளுங்கள விட்டுடுறேன் சார். யாராவது இவரப் பந்திக்குக் கூட்டினு போங்கப்பா!"

பாக்கி இருந்தது விதி. அதற்கு மெட்ராஸிலிருந்து ஒரு கமிட்டி வந்தது. ஊர் வழக்கப்படி டிராவலர்ஸ் பங்களாவில் உட்கார வைத்திருக்க வேண்டும். "டேனரியைப் பத்தின முடிவை டேனரிலதான் எடுக்கணும்" என்று அடம்பிடித்து, சுண்ணாம்புத் தொட்டியோரம் பெஞ்சு போட்டார் இவர். எங்களுக்கு நாற்றம் உறைக்காது. எங்கள் மூக்கு எப்போதோ ராஜினாமா செய்துவிட்டது. கமிட்டித் தலைவரோ வந்ததுமே கைக்குட்டையை எடுத்தார். ஹாஜியார் வீட்டில் பிரியாணி தயாராக இருந்தது. இங்கே இவர் ஆதி மனிதன் தோல் உடுத்திய காலத்திலிருந்து பேச்சை ஆரம்பித்தார். ஈரக் கையோடு கன்னியப்பன் தூரத்தில் நின்றான்.

தலைவர் மெல்ல வாயைத் திறந்தார். "எஸ்.எஸ்.எல்.சி. இல்லேன்னா சான்றிதழோட தரம்..."

"நல்ல கேள்வி! அதுக்கு விளக்கமாவே பதில் சொல்லிடுறேன்."

"வேணாம்!" தலைவர் எழுந்தே விட்டார். "அஞ்சாவது போதும். விதியை மாத்திடுறோம். பாடம் நடத்த யாரு இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க, கிளம்பறோம்."

"இதோ, தேவராஜ்."

என்னைக் கேட்டாரா? ஒரு வார்த்தை? அட, ஒரு பார்வை? எதுவும் இல்லை. என் ஆராய்ச்சிக்கு அங்கேயே முழுக்குப் போட்டாகிவிட்டது. கமிட்டி கார் போனதும் என் தோளைத் தட்டி, "பாத்தியா, நியாயத்தை எடுத்துச் சொன்னா பெரிய மனுஷங்க ஒத்துக்கறாங்க" என்றார். நாற்றத்தால் நடந்த காரியம் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன்.

முதல் வகுப்பன்று கன்னியப்பன் பக்கத்தில் அவரும் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் ஒரு வரி சொன்னால் இவர் ஒன்பது சந்தேகம் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், நான் வாத்தியாரா, நீங்க வாத்தியாரா? வெளிய போங்க!"

வகுப்பே திகைத்தது. அவர் நல்ல பிள்ளையாக எழுந்து போனார். வெளியே தூறல்.

தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைக் குவளையில் ஊற்றிக் கன்னியப்பன் கையில் கொடுத்தேன். சுண்ணாம்பைக் காட்டிக்கொடுக்கும் மருந்தை ஒரு சொட்டு விடச் சொன்னேன். விட்டான். நிறமில்லாத தண்ணீர் ரோஜா நிறமானது.

"ஐயோ சார், செவந்துடுச்சு! நான் பண்ணேன் சார்!" என்று கத்தினான்.

வெளியிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. திரும்பினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையெல்லாம் மழைத் தண்ணீர் சொட்ட, அந்த மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி குதித்துக்கொண்டிருந்தார். கட்டுரை போனால் போகிறது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"உள்ள வாங்க சார்" என்றேன். அவர் நனைவதை என்னால் பார்க்க முடியவில்லை.