சரக்குக் கப்பலும் மச்சினி வீட்டுச் சாமானும்

இந்த ஞாயிறு பீரோ தூக்குவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். என் மச்சினி வீடு மாற்றுகிறாள். போன தடவை அவள் வீடு மாற்றியபோது பிடித்துக்கொண்ட என் இடுப்பு, நான்கு மாதம் கழித்துத்தான் விட்டது.

"ஞாயித்துக்கிழமை எனக்குக் கப்பல் பார்க்கற நாள்!" என்று மனைவியிடம் முழங்கினேன். கொஞ்சம் தள்ளி நின்றுதான்.

"எந்தக் கப்பல்?"

"சரக்குக் கப்பல். நம்ம பால்கனியில இருந்து பார்த்தா துறைமுகத்துக்கு வர்றது போறது எல்லாம் தெரியும். உலகம் பூரா இது பெரிய பொழுதுபோக்கு. நடுவுல எழுந்திருக்கவே கூடாது."

அவள் சண்டை போடவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை பைனாகுலரோடு உட்கார்ந்தேன். பொய்யாகத் தொடங்கிய காரியம்தான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், சொக்கிப்போனேன். ஒரு தெருவையே பெட்டி பெட்டியாக அடுக்கிக்கொண்டு ஒரு கப்பல் ஆடி அசைந்து வருகிறது. சீக்கிரம் வா என்று அதை அதட்ட ஒரு ஆள் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

மனைவி காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் போன்.

"இத்தனை பெட்டியும் சரியாம எப்படிங்க நிக்குது?"

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் சந்தேகம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கனமானது அடியில, லேசானது மேல. ரெண்டு பக்கமும் பாரம் சமமா இருக்கணும். முதல்ல இறக்க வேண்டியதைக் கடைசியில ஏத்தணும்."

"அடேங்கப்பா! இதையெல்லாம் யாருங்க பார்த்துப்பாங்க?"

"அதுக்குன்னே ஒரு அதிகாரி இருப்பார். அவர் இல்லேன்னா ஒரு பெட்டி நகராது."

"உங்களுக்கு அந்த வேலை வருமா?"

"எனக்கா? கண்ணை மூடிக்கிட்டு ஏத்துவேன்!"

அவள் போனைக் காதில் வைத்தாள். தங்கைக்காரி அவ்வளவு நேரமும் லைனில்தான் இருந்திருக்கிறாள்.

"கேட்டியாடி? லாரியை நிறுத்தி வை. அத்தான் வர்றார். அவர் இல்லாம ஒரு சாமான் நகரக் கூடாதாம்."

"ஏய், நான் கப்பலைப் பத்தித்தானே சொன்னேன்..."

"பைனாகுலரை இப்படிக் குடுத்துட்டுப் போங்க. கப்பலை நான் பார்த்துக்கறேன்."

அதிகாரி என்றால் கையை நீட்டி அதட்டினால் போதுமே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். லாரி நின்றது. சாமான் மலையாகக் கிடந்தது. ஏற்றுவதற்கென்று அங்கே இருந்த ஒரே ஆள், அந்த அதிகாரிதான்.