பீக்கிங் அண்ணையின் கசாயம்

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஒரு சீனரிடமே சீன வைத்தியம் பற்றி வாதாடத் துணிந்த ஒரே யாழ்ப்பாணத்தான் எங்கள் பீக்கிங் அண்ணைதான். சீனாவின் பக்கம் அவர் தலைவைத்தும் படுத்ததில்லை. கொழும்பில் ஒரு சீனப் பல் வைத்தியரிடம் சில காலம் கதவு திறந்துவிட்டவர். அந்த அனுபவம் போதுமென்பது அவர் கட்சி.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி விடுதியில் ஒரே அறையில் அவர், நான், சாவகச்சேரியில் கடை வைத்திருந்த சிவம் அண்ணை. சன்னலோரம் முழுக்க வேரும் பட்டையும் காய்ந்த காளானும். அண்ணை கசாயம் காய்ச்சினால் மாடியில் எல்லாச் சன்னலும் திறக்கும். ஒருமுறை விடுதிப் பராமரிப்புக்காரர் ஓடிவந்து, எந்தக் குழாய் உடைந்ததென்று தேடினார்.

குளியலறை வரிசையில் நின்றால் நாக்கை நீட்டச் சொல்லுவார். எல்லோருக்கும் ஒரே வியாதிதான். "உள்ளுக்குக் குளிர்!" ஜெர்மன் தை மாதத்தில் வேறென்ன இருக்கும்?

வேடிக்கை என்னவென்றால், மருந்து மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டார்.

"அண்ணை, சரியான தலையிடி. ஏதும் தாங்கோவன்" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"வேற என்ன குளிசை போடுறீர்?"

"பிரஷருக்கு ஒண்டு."

"அப்ப ஏலாது. ரெண்டும் உள்ளுக்குப் போய்ச் சண்டை பிடிச்சால் ஆர் விலக்குப் பிடிக்கிறது?"

வாந்தியென்று வந்த கர்ப்பிணிப் பெண்ணைக் கண்டதும் பானையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "டொக்டரைக் கேளுங்கோ பிள்ளை. இதை மணந்தும் பாக்காதேங்கோ!"

சீனக் கடையில் இன்னும் மோசம். ஒவ்வொரு பொட்டலத்திலும் மூலிகையின் லத்தீன் பெயரை எழுதாவிட்டால் கடையை விட்டு நகரமாட்டார். கடைக்காரர் அவரைக் கண்டால் பேனாவோடுதான் வருவார்.

அந்தக் குளிர்காலம் பீக்கிங் அண்ணைக்கு இழுப்பு. ஏதோ ஒரு காய்ந்த தண்டை அவித்துக் குடித்துப் படிகளில் துள்ளி ஏறினார். சளியோடு கிடந்த சிவம் அண்ணைக்கு ஆசை வந்துவிட்டது.

"எனக்கும் ஒரு வாய் தாவன்."

"நீங்கள் நெஞ்சுக்குக் குளிசை போடுறியள். இது நெஞ்சை ஓட வைக்கிற சாமான். கேக்காதேங்கோ."

ஒரு ஞாயிறு காலை பீக்கிங் அண்ணை குளிக்கப் போனார். சிவம் அண்ணை அந்தக் கசாயத்தைக் கோப்பை நிறைய ஊற்றி ஒரே மூச்சில் குடித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கட்டிலில் குந்தினார். முகமெல்லாம் வேர்வை.

"தம்பி, நெஞ்சு கிடந்து அடிக்குது. எனக்கு ஏதும் நடந்தால் ஊரில இருக்கிற என்ர பெட்டைப் பிள்ளையளுக்கு ஆர் சொல்லுறது?"

காதில் சோப்பு நுரையோடு வந்த பீக்கிங் அண்ணை வெறும் கோப்பையைப் பார்த்தார். திட்டவில்லை. என்னை அம்புலன்ஸுக்கு டெலிபோன் அடிக்க அனுப்பினார். மூலிகைப் பொட்டலத்தையும் சிவம் அண்ணையின் குளிசைப் போத்தலையும் எடுத்துக்கொண்டு, இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேல் ஓவர்கோட்டோடு வண்டியில் ஏறினார். நானும் தொற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் "சீனத் தேத்தண்ணி" என்று நான் சொன்னதும் இளம் டாக்டர் விழித்தார். அண்ணை பொட்டலத்தை நீட்டினார், பக்கத்தில் குளிசையை வைத்தார், எவ்வளவு குடித்தாரென்று விரலால் அளந்து காட்டினார். லத்தீன் பெயரை வாசித்த டாக்டர் அதற்குமேல் எதுவும் கேட்காமல் உள்ளே ஓடினார்.

நாங்கள் வெளியே வாங்குப் பலகையில் குந்தியிருந்தோம். அண்ணை காதில் காய்ந்த சோப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் டாக்டர் சிரித்துக்கொண்டு வந்தார். இதயம் அடங்கிவிட்டதாம், நாளைக்குக் கூட்டிப் போகலாமாம். என்ன குடித்தாரென்று தெரியாமல் இருந்திருந்தால் கஷ்டப்பட்டிருப்போம் என்றார். அண்ணைக்கு நன்றி சொல்ல ஜெர்மன் வரவில்லை. தன் நாக்கை நீட்டிக் காட்டி, டாக்டரையும் நீட்டச் சொன்னார். பாவம், அந்த மனுசனும் நீட்டினார்.

"உள்ளுக்குக் குளிர்" என்று சொல்லிவிட்டு அண்ணை விக்கி விக்கி அழுதார்.

மறுநாள் மூவரும் டிராமில் திரும்பினோம். சிவம் அண்ணை பீக்கிங் அண்ணையின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். எங்கள் தரிப்பு வந்தது. நான் எழும்பினேன்.

"உஷ்... கொஞ்சம் இரும், தம்பி. மனுசன் நித்திரை கொள்ளட்டும்" என்றார், தோளை அசைக்காமல்.

டிராம் எங்களைக் கடைசித் தரிப்புவரை கொண்டுபோனது.