வெந்நீர் பாயின் பித்தளை லென்ஸ்

இரண்டு கண்ணாடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், அவற்றைப் பிரிக்கும்வரை சோறு இறங்காத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் திருத்துறைப்பூண்டியில் எனக்கு மாடியை வாடகைக்கு விட்டிருந்த வெந்நீர் பாய். அத்தா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். போஸ்ட்மேனுக்கே அது தெரியாது.

ஷார்ஜாவில் ஒரு கேமரா ரிப்பேர் கடையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்த கையோடு, மூடிப்போன ஏதோ ஒரு ஸ்டுடியோவிலிருந்து பெரிய மரக் கேமராவையும் அதன் பித்தளை லென்ஸையும் வாங்கி வந்தார். அந்த லென்ஸுக்குள் இரண்டு கண்ணாடிகளைப் பிசினால் ஒட்டியிருந்தார்கள். பிசின் வயசாகி, மஞ்சளாகி, ஓரமெல்லாம் வானவில் விட்டிருந்தது. கண்ணாடிகளைப் பிரித்து, துடைத்து, மறுபடி ஒட்ட வேண்டும். பிரிப்பதற்கு வெந்நீர் வேண்டும். மெதுவாகச் சூடேற வேண்டும், அதைவிட மெதுவாக ஆற வேண்டும், அவசரப்பட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

ஆகவே தெருவில் யார் வீட்டு அடுப்பு எரிந்தாலும் பாய் அந்தக் கண்ணாடியை முடிந்த ஒரு கைக்குட்டை மூட்டையோடு வாசலில் நிற்பார். "ஒரு ஓரமா போட்டுக்கறேம்மா, உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல." ஒருநாள் என் இட்லிப் பானையைத் திறக்கிறேன், ஒரு குழியில் மட்டும் இட்லியைக் காணோம். அந்த இடத்தில் மூட்டை உட்கார்ந்திருக்கிறது.

"என்ன பாய் இது?"

"மூடிருங்க டீச்சர், காத்துப் பட்டா கெட்டுரும்."

"இட்லியா?"

"இட்லி கெட்டா வேற ஊத்திக்கலாம்."

இந்தக் கூத்தில் நிஜமாக மாட்டிக்கொண்டவர் அவர் மனைவி பாயம்மா. கல்யாணத்தின்போது யாரும் போட்டோ எடுக்கவில்லை. பிறகு பாய் ஷார்ஜாவில், இவர் இங்கே. இருவரும் சேர்ந்திருக்கிற படம் ஒன்றுகூட அந்த வீட்டில் கிடையாது. தோஹாவில் இருந்த மகள் அப்போது மாசமாக இருந்தாள். தினமும் போனில் ஒரே பாட்டு: "அத்தாவும் நீயும் சேந்து ஒரு போட்டோ அனுப்பும்மா. பொறக்கற புள்ளைக்கு நான் எதைக் காட்டறது?"

பாய் சம்மதித்துவிட்டார். ஆனால் இந்த லென்ஸில்தான் எடுப்பாராம். "நான் மௌத்தாகறதுக்குள்ள அது ஒட்டிருமான்னு கேட்டுச் சொல்லுங்க டீச்சர்" என்றார் பாயம்மா, அவர் காதுபடவே. என் மொபைலிலேயே எடுத்துவிடலாமே என்று நான் நீட்டினேன். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அது படம் எடுக்கறதில்ல டீச்சர். உள்ள உக்காந்து கணக்குப் போட்டு, இப்படித்தான் இருப்பாங்கன்னு உத்தேசமா வரையுது."

நான் கணக்கு டீச்சர். எனக்கு ரோஷம் வந்து இரண்டு நாள் பேசவில்லை.

கடைசியில் வழி பிறந்தது எதிர்வீட்டுச் செல்வமணியின் கொல்லையில். அவர் நெல் அவிக்க அண்டா ஏற்றியிருந்தார். அவித்த நெல் எத்தனை மெதுவாக ஆறும் என்று பாய்க்குச் சட்டென்று உறைத்திருக்கிறது. மூட்டை நெல்லுக்குள் போனது. மறுநாள் காலை பாய் கைக்கு ஒரு கண்ணாடியாகப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடி வந்தார். பிரிந்துவிட்டது. பழைய பிசினின் வாசனை மட்டும் நெல்லோடு தங்கிவிட்டது. அந்த நெல்லின் அரிசி தீரும்வரை செல்வமணி வீட்டுச் சோற்றில் சாம்பிராணி மணந்தது. "இதைச் சாப்புடறதா, சுத்தி வந்து கும்புடறதா, நீங்களே சொல்லுங்க பாய்" என்று தட்டோடு வந்து கேட்டார்.

ஒட்டுவதற்குப் புதுசாக ஒரு பசை வரவழைத்தார் பாய். அது வெயில் பட்டால்தான் இறுகும். வந்ததோ ஐப்பசி அடைமழை. தைமாசம் வெயில் ஏறியதும், தூசி விழுமென்று வீட்டில் ஃபேனை நிறுத்தி, விளக்குமாற்றை ஒளித்துவைத்து, பாயம்மாவை மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்லி, ஒருவழியாக ஒட்டினார். ஒட்டியதை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார். அறுவடை நேரம், ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பலகை, அதன்மேல் லென்ஸ், பக்கத்தில் காக்கா விரட்டிக்கொண்டு பாய். நெல்லைக் கிளறிக்கொண்டு வந்தவர் நின்று பார்த்தார்.

"என்ன பாய், ஒரே ஒரு நெல்லு போட்டுக் காவல் இருக்கீங்க? இந்த வருசம் மகசூல் அவ்வளவுதானா?"

பசை இறுகியது. பாயம்மா பட்டுப்புடவை கட்டி, முற்றத்தில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். பாய் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"ஓரத்துல கசகசா அளவு ஒரு குமிழி இருக்கு. கழட்டி ஒட்டிருவோம். கொஞ்சம் வெந்நி வை."

பாயம்மா நாற்காலியை விட்டு அசையவில்லை. "டீச்சர், உங்க போனைக் கொண்டாங்க" என்றார்.

அவ்வளவுதான். பாய் மறுபேச்சில்லாமல் லென்ஸைக் கேமராவில் மாட்டினார். அவரும் படத்தில் இருக்க வேண்டுமே, அதனால் வேலை என் தலையில் விழுந்தது.

"மூடியை எடுங்க, பத்து எண்ணுங்க, மூடிருங்க. அதுவரைக்கும் யாரும் அசையக் கூடாது. மூச்சு விடாதீங்க."

"படத்துல இருக்கறது நீங்க. நான் எதுக்கு பாய் மூச்சு விடாம இருக்கணும்?"

எடுத்தேன், எண்ணினேன், மூடினேன். பாய் குளியலறையைச் சாத்திக்கொண்டு, கேமராவிலிருந்த போட்டோத் தாளைக் கழுவினார். நானும் பாயம்மாவும் வாசலில் காத்திருந்தோம். கதவு திறந்து, சொட்டச் சொட்டப் படத்தை நீட்டினார்.

குமிழியாவது கிமிழியாவது, அத்தனை துல்லியம். பாயம்மாவின் மூக்குத்திக் கல், புடவைக் கரை, கண்ணோரச் சுருக்கம் எல்லாம் அப்படியே இருந்தன. பக்கத்தில் பாயின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. சட்டைக்கு மேலே மட்டும், பாயம்மா பக்கமாகச் சாய்ந்து, ஒரு கைப்பிடிப் புகை.

"உங்க தலை எங்கங்க?" என்றார் பாயம்மா.

பாய் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ அசையாம இருக்கியான்னு திரும்பிப் பாத்தேன்."

"பாத்துட்டு நேராத் திரும்ப வேண்டியதுதான?"

"திரும்பத்தான் நெனச்சேன்."

பாயம்மா படத்தைத் தன் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு எடுத்துருவோம். அந்தக் குமிழியையும் சரிபண்ணிட்டு..." என்று பாய் கையை நீட்டினார். பாயம்மா படத்தைக் கொடுக்கவில்லை.

"இதையே அனுப்புங்க. அத்தா தலை எங்கம்மான்னு அவ கேட்டா, எங்க பாத்தாருன்னு நான் சொல்லிக்கறேன்."

எனக்கும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டேன். மாற்றலாகி வந்து வருஷம் எத்தனையோ ஆகிவிட்டது, என் வீட்டு ஹாலில் அது இருக்கிறது. பார்க்கிறவர்களிடம் அந்தப் புகையின்மேல் விரலை வைத்து, "இவருதாங்க எங்க பாய்" என்று காட்டுகிறேன்.