தந்திக் கிராணி கித்தாருக்குக் கம்பி மாற்றினார்

டிசம்பர் மாதம் முதல் வாரத்தில், பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது, அமலநாதன் ஒரு சபதம் எடுத்தார்.

"இந்தக் கிறிஸ்துமஸுக்கு என் கித்தார் கடைசி பெஞ்சுவரைக்கும் கேக்கணும். கேக்காட்டி நான் அமலநாதன் இல்ல!"

வாயில் வேப்பங்குச்சி. சபதம் கொஞ்சம் கோணலாகத்தான் வெளியே வந்தது.

"என்னது, கடிச்ச பஞ்சா?" என்று சமையல்கட்டிலிருந்து கேட்டாள் டொரத்தி.

அமலநாதன் மலாயாவில் லாபிஸ் ரயில் ஸ்டேஷனில் தந்திக் கிராணி, அதாவது குமாஸ்தா. பகலெல்லாம் கட்டுக்கடா கட்டுக்கடா என்று தந்தி அடிப்பார். சாயங்காலம் ரயில்வே குவாட்டர்ஸுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கித்தாரின் தந்தியை மீட்டுவார். "பகல்ல அடிக்கிற தந்தியாவது ஜொகூர் பாருவரைக்கும் போவுது. சாயங்காலத் தந்தி நம்ம சமையல்கட்டைக்கூடத் தாண்டல" என்பது டொரத்தியின் அபிப்பிராயம்.

அபிப்பிராயத்தில் உண்மை இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

கோயில் ஆர்மோனியத்தைக் கரையான் தின்றுவிட்டதால், போன கிறிஸ்துமஸ் விழாவுக்கு அமலநாதனின் கித்தார் ஒன்றுதான் வாத்தியம். கோயிலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடக் கொட்டகை. ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் இருபது பேர் பாட நின்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் மழை அடித்த அடியில் கித்தாரின் சத்தம் வாசித்தவர் காதுக்கே எட்டவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு சுருதியில் கிளம்பினார்கள். மூன்று பேர் பாட்டை முடித்தபோது பாக்கிப் பேர் நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண் அழுதே விட்டது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த துணிக்கடை ருக்னுதீன் பாய், விழா முடிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அக்கறையாக விசாரித்தார்.

"கிராணியாரே, மேடையில நின்னு வயித்தையே சொறிஞ்சுக்கிட்டு இருந்தீங்களே, வேர்க்குருவா?"

இந்த வருஷம் கோயில் உபதேசியார் தங்கராஜு கறாராகச் சொல்லிவிட்டார். போன வருஷம் மாதிரி ஆவதாக இருந்தால் பாட்டே வேண்டாம். பிள்ளைகளுக்குக் கேக்கைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார். அழுத அந்தப் பெண், "அப்ப நாங்க பாட வேணாமா?" என்று கேட்டது. அந்தக் கேள்வி ஒரு வாரமாக அமலநாதனின் நெஞ்சில் முள்ளாக நின்றது. சபதத்துக்கு அதுதான் காரணம்.

"குத்தம் என்மேல இல்ல டொரத்தி. நரம்புமேல."

"உங்களுக்கு நரம்புத் தளர்ச்சியா?"

"கித்தார் நரம்பைச் சொல்றேன்! ஆட்டுக் குடல்ல முறுக்கின நரம்பு. மழை ஈரம் பட்டா கொடித்துணி மாதிரித் தொங்கிப்போவுது. எஃகுக் கம்பி போடப் போறேன். நல்லா தடிச்ச கம்பி. ஹவாய்க்காரங்க பாட்டுக்குப் போடுறது. தட்டினா டணார்னு கேக்கும்."

"கேக்கும். அதுக்கப்புறம் கித்தாரு படார்னு கேக்கும்." டொரத்தி முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொன்னாள். "இது நரம்புக்குன்னு செஞ்ச பெட்டிங்க. மெல்லிசுப் பலகை. தடிச்ச எஃகு இழுக்கிற இழுப்புக்கு, கம்பியைக் கட்டியிருக்கிற பாலம் பேத்துக்கிட்டு வந்துரும். உங்க விரலும் கிழிஞ்சுரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"தெரியுமாம்!" அமலநாதன் சிரித்தார். "கீரைக்கு எம்புட்டு உப்புன்னு நீ சொல்லு, தலையாட்டுறேன். கம்பி சமாசாரத்தைக் கம்பி சமாசாரம் தெரிஞ்சவன்கிட்ட விட்டுரு."

டொரத்தி அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

ஏழு வருஷம் குடித்தனம் நடத்தியவர், அதுவும் ரயில்வேயில் வேலை பார்ப்பவர், அந்தச் 'சரிங்க' சிவப்பு விளக்கு என்று கண்டுகொண்டிருக்க வேண்டும். அவர் அதைப் பச்சை என்று எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே ருக்னுதீன் பாய் கடைக்குப் போனார். பாய் மாதம் ஒருமுறை சரக்கெடுக்கச் சிங்கப்பூர் போகிறவர். அமலநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"பாய், ஒரு செட்டு எஃகுக் கம்பி. கித்தாருக்கு. இருக்கிறதிலேயே தடிச்சதா. வீட்டுக்குத் தெரியக்கூடாது."

"டொரத்தி தங்கச்சிக்கா? அலாமாக்!" என்று மலாயில் பதறினார் பாய்.

"கம்பின்னு வாய்விட்டுச் சொல்லாதீங்க. வாங்கிட்டு வந்ததும், தந்தி வந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க. எனக்குப் புரியும்."

தந்தி என்றால் கம்பி; தந்தி என்றால் தந்தி. இந்தச் சிலேடையை நினைத்து அமலநாதன் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கோழிக்கறி கொதிக்கிற மணம் குவாட்டர்ஸ் வரிசை முழுக்கப் பரவியிருந்தது. வாசலில் நின்று பாய் பலமாகக் குரல் கொடுத்தார்.

"கிராணியாரே! சிங்கப்பூர்லேர்ந்து தந்தி வந்திருக்கு!"

பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். "ஐயையோ! யாரு போயிட்டாங்க?" என்று மார்பில் அடித்துக்கொண்டே ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையே வந்தது.

அத்தனை கண்களும் தன்மேல் இருந்த அவசரத்தில், அமலநாதன் ஒரு கொலை செய்தார்.

"மாமா... எங்க மாமா போயிட்டாரு."

"எந்த மாமாங்க?" டொரத்தி ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"சிங்கப்பூர் மாமா."

"உங்களுக்குச் சிங்கப்பூர்ல மாமா இருந்தாரா?"

"இப்ப இல்ல."

ஊருக்கு வரும் தந்தியெல்லாம் இவர் கைக்குத்தான் முதலில் வரும். அப்படியிருக்க, இவருக்கு வந்த தந்தியைத் துணிக்கடை பாய் எப்படிக் கொண்டுவந்தார் என்று டொரத்தி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாவம், என்ன கஷ்டப்பட்டாரோ. அவரு ஆத்துமாவுக்காக ஒம்பது நாளு கறி, மீனு, முட்டை எதுவும் வேணாங்க. புஷ்பவள்ளி, அடுப்புல கோழி இருக்கு. சட்டியோட எடுத்துட்டுப் போ."

"டொரத்தி, அவரு அம்புட்டு நெருங்கின மாமா இல்ல. தூரத்து..."

"செத்தவங்ககிட்ட தூரம் பாக்கலாமா?"

கோழி அடுத்த வீட்டுக்குப் போனது. ஒன்பது நாள் கஞ்சி, கத்திரிக்காய், ஜெபமாலை. பெயரே இல்லாத மாமாவுக்குப் பெயர் வைக்க வேண்டிவந்தபோது, சின்னத்தம்பி என்று சொல்லிவைத்தார். "சின்னத்தம்பி மாமாவுக்காக" என்று டொரத்தி உருகி வேண்டிக்கொள்வாள். அமலநாதன் ஆமென் சொல்வார். வயிறும் ஆமென் சொல்லும்.

ஆனால் கம்பி! கம்பி கிடைத்ததே!

மறுநாள் மத்தியானம் சரக்குக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளி மாதிரி மினுங்கிற்று. முந்தின நாள் கொடுக்கும்போதே, "இது அசல் எஃகுதானே பாய்?" என்று கேட்டிருந்தார். பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "நீங்க கேட்டதைவிட நல்லதுலா" என்றிருந்தார்.

பழைய நரம்புகளைக் கழற்றினார். புதுக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பூட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முடுக்கினார். பாலம் பேருமா? பேரவில்லை. பலகை முனகுமா? முனகவில்லை. மேலே இருந்த தடித்த கம்பியைக் கட்டைவிரலால் தட்டினார்.

கோயில் மணியைத் துணி சுற்றி அடித்ததுபோல ஒரு நாதம் எழுந்தது. சரக்கு மூட்டைகளுக்கு மேல் போய், கூரையைத் தொட்டு, திரும்பி வந்து அவர் நெஞ்சில் உட்கார்ந்தது. அடிக்கம்பி இரண்டும் கிணுகிணுவென்று தெளிவாகப் பேசின. இடது கை விரல்கள் எரியவே இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல அழுத்தினால் இறங்கியது.

"விரல் கிழியுமாம்! பாலம் பேருமாம்!" என்று அரிசி மூட்டையைப் பார்த்துச் சொன்னார். "பொம்பளைப் பேச்சைக் கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அரிசி மூட்டை எதிர்த்துப் பேசவில்லை. அமலநாதனுக்கு அந்த மூட்டையை ரொம்பப் பிடித்துப்போயிற்று. தினமும் மத்தியானம் அதன் எதிரில் உட்கார்ந்து பழகினார். கூடவே, கையெழுத்துப் போடும்போதும் முகம் துடைக்கும்போதும் தன் விரல்நுனிகளைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டார். எஃகை வென்ற விரல்கள் அல்லவா?

கிறிஸ்துமஸ் அன்று பிற்பகல் கொட்டகை நிறைந்திருந்தது. ருக்னுதீன் பாயும் அவர் மனைவி மீரா பீவியும் கடைசி பெஞ்சில். மழையும் நேரம் தவறாமல் வந்து சேர்ந்தது.

அமலநாதன் முதல் தட்டுத் தட்டினார். கடைசி பெஞ்சில் பாய் தலையாட்டினார். கேட்கிறது! பிள்ளைகள் இருபது பேரும் ஒரே சுருதியில் பிடித்துக்கொண்டார்கள். போன வருஷம் அழுத பெண் கண்ணை மூடிக்கொண்டு பாடியது. தகரத்து மழை தாளம் போடுவதுபோல இருந்தது. இருபது பேரும் ஒரே இடத்தில் பாட்டை முடித்தபோது, கொட்டகையே கைதட்டியது.

இரண்டாம் பாட்டுக்கு முன்னால் ஒரு கோளாறு. கித்தார் அபசுரம் பேசியது. ஒரு கம்பி இறங்கியிருந்தது. எந்தக் கம்பி? ஒன்றை முடுக்கினார், இன்னொன்று கெட்டது. அதை முடுக்கினார், மூன்றும் கெட்டன. பிள்ளைகள் முகத்தில் பயம் ஏறியது. முன்வரிசைப் பெண்ணின் உதடு பிதுங்கத் தொடங்கியது.

டொரத்தி முந்தானையைச் செருகிக்கொண்டு மேடை ஏறினாள்.

"கொடுங்க."

"நீ எங்க இங்க வந்தே? எல்லாரும் பாக்குறாங்க" என்று பல்லிடுக்கில் சொன்னார் அமலநாதன். "எனக்கே புரியல. எஃகு இப்படி இறங்கக்கூடாதே!"

"எஃகா இருந்தா இறங்காது. இது பட்டு."

"என்னது?"

"உள்ள பட்டு நூலு, மேல வெள்ளிக் கம்பி சுத்தினது. அடியில ரெண்டுதான் எஃகு, அதுவும் முடி மாதிரி மெல்லிசு. இழுப்புக் கம்மி, நாதம் ஜாஸ்தி. புதுப் பட்டு பத்துப் பதினைஞ்சு நாளைக்கு நீளும். அடிக்கடி ஏத்திக்கணும்." அவள் பேசிக்கொண்டே முளைகளைத் திருகினாள். "பாய் ரயிலேறுறதுக்கு முந்தியே மீரா பீவி வந்து சொல்லிட்டாங்க. என்ன வாங்கணும்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

அமலநாதன் கித்தாரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப... சின்னத்தம்பி மாமா?"

"கர்த்தருக்கே அவரைத் தெரியாது. பொய்க்கு ஒம்பது நாளு ஒறுத்தல் போதும்னு நினைச்சேன்."

"இதெல்லாம் உனக்கு எப்படித்தான் தெரியும்?"

"கான்வெண்ட்ல ஆறு வருஷம் வாசிச்சேன். மலாக்காக்காரச் சிஸ்டர் ஒருத்தங்க சொல்லிக் கொடுத்தாங்க."

"ஏழு வருஷமா சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே."

அதற்குள் சுருதி சேர்ந்துவிட்டது. சரிபார்க்க என்று ஒருதரம் தட்டினாள். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. அவள் விரல்கள் கம்பிமேல் நடக்கவில்லை, ஓடின. பிள்ளைகள் தாமாகவே பாட ஆரம்பித்தார்கள். முன்வரிசைப் பெண் சிரித்தது. மழை எப்போது நின்றது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அமலநாதன் கையை என்ன செய்வது என்று தெரியாமல் மேடையில் நின்றார். கோபப்பட வேண்டும் என்று நினைத்தார்; முடியவில்லை. வாய் பிளந்துகொண்டிருந்தது. கடைசியில் அவரும் பாடினார். சுருதியோடுதான் பாடினார், வேறு வழி இல்லை, கித்தார் அவ்வளவு பலமாகக் கேட்டது.

பாட்டு முடிந்து, கைதட்டல் அடங்கியதும், உபதேசியார் தங்கராஜு முகமெல்லாம் மலர மேடைக்கு வந்து அமலநாதனின் இரண்டு கைகளையும் பற்றிக் குலுக்கினார்.

"கிராணியாரே, ஈஸ்டருக்கும் தவறாம வந்துருங்க. கித்தாரைத் தூக்கிட்டு வர ஒரு ஆளு வேணுமில்ல!"