கொன்செர்ட்டோ அண்ணைக்கு வந்த அனுமதி

மெல்பேர்ன் நகரத்தில் உயிரோடிருப்பவர்களைவிடச் செத்தவர்களோடு அதிகம் கதைத்த தமிழர் யார் என்று கேட்டால், எழுபதுகளில் நோபல் பார்க்கில் இருந்த எவரும் யோசிக்காமல் கொன்செர்ட்டோ அண்ணை என்று சொல்லிவிடுவார்கள். எவரும் என்றால் பெரிய கூட்டமில்லை. அந்தக் காலத்தில் நோபல் பார்க்கில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே காரில் ஏறிவிடலாம். கொஞ்சம் நெருக்கி இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அண்ணைக்கு ரெயில்வேயில் வேலை. ஸ்டேஷன் வாசலில் நின்று பயணிகளிடம் ரிக்கற் வாங்கிச் சரிபார்ப்பார். அவரும், கார்த் தொழிற்சாலையில் வேலை செய்த சிவாவும், ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் கீறிக்கொண்டிருந்த நானும் ரெயில் பாதையோரம் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தோம். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் பிஸ்கட் தடிப்பில் ஒரு சுவர். அந்தப் பக்கம் வயலின். இந்தப் பக்கம் நான்.

யாழ்ப்பாணத்தில் முறையாகக் கர்நாடக வயலின் படித்த மனிதர். இங்கே வந்தபின் ஒருநாள் வானொலியில், ஒரு ஜெர்மன்காரர் போன நூற்றாண்டில் எழுதிய கொன்செர்ட்டோவைக் கேட்டுவிட்டார். முன்னால் ஒற்றை வயலின், பின்னால் முழு ஓர்கெஸ்ட்ரா. அதோடு சரி. உலகத்தில் வேறு இசை இருப்பதையே மறந்துபோனார். வாசிக்காத நேரத்தில் அதன் சரித்திரத்தைச் சொன்னார்.

"தம்பி, அதை எழுதி முடிச்சுக் கொஞ்ச மாசத்திலை அந்த மனுசனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, தெரியுமோ?"

"தெரியும் அண்ணை. நேற்றும் சொன்னீங்கள்."

"தேவதையள் வந்து ஒரு மெட்டுச் சொல்லித் தந்ததெண்டு எழும்பியிருந்து எழுதினவர். பார்த்தால், அது இந்தக் கொன்செர்ட்டோவிலை அவரே முதல் எழுதின மெட்டு மாதிரி! தான் எழுதினதையே மறந்துபோனார். பிறகு போய் ரைன் ஆத்துக்குள்ளை குதிச்சவர். இப்ப சொல்லும், முதல்தரம் அந்த மெட்டைச் சொல்லிக் குடுத்தது ஆர்?"

இந்த 'ஆர்?' என்பதை மட்டும் என் மூக்கிற்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்துநின்று கேட்பார். அந்த வீட்டில் நான் சிந்திய தேத்தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கடை போட்டிருக்கலாம்.

மிச்சக் கதை இன்னும் மோசம். ஆற்றிலிருந்து தூக்கியெடுத்த அந்த ஜெர்மன்காரர் மனநோய் விடுதியிலேயே இறந்துபோனார். அவருடைய மனைவியும், யாருக்காக அதை எழுதினாரோ அந்த வயலின் நண்பரும், இதில் நோயின் வாடை அடிக்கிறது என்று மறைத்துவிட்டார்கள். கையெழுத்துப் பிரதி கடைசியில் பெர்லின் நூலகம் ஒன்றுக்குப் போனது, அவர் இறந்து நூறு வருஷம் ஆகும்வரை வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே லண்டனில் அந்த நண்பரின் வழிவந்த இரண்டு சகோதரிகள், வயலின்காரிகள், ஆவி கூப்பிட்டுக் கிளாஸில் விரல் வைத்தார்கள். கிளாஸ் எழுத்தெழுத்தாக நகர்ந்து, என்னுடைய கொன்செர்ட்டோவைத் தேடி எடுத்து வாசியுங்கள் என்றது. தேடினார்கள். இருந்தது.

இதையெல்லாம் ஸ்டேஷன் வாசலிலும் சொன்னார். பனிப்புகார் மூடிய ஒரு காலை, வெறும் வெளியைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றார். பின்னால் வந்த என்னிடம், "அவருக்கு ரிக்கற் தேவையில்லை. உம்மடையைக் காட்டும்," என்றார். நான் அடுத்த ரெயிலில் போனேன்.

ஒருநாள் அந்த வாசலில் ஒரு பல் வைத்தியர் அகப்பட்டார். கதையைக் கேட்டு ரெயிலைத் தவறவிட்டார். அவர்தான் எங்கள் பகுதி ஓய்வுநேர ஓர்கெஸ்ட்ராவை நடத்துபவர். அண்ணையை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மெதுவாகப் போகும் நடுப்பகுதியை மட்டும், தேவாலய மண்டபத்தில், ஒரு ஞாயிறு பின்னேரம் அந்த ஓர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிப்பது என்று முடிவாயிற்று. அண்ணை இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தான். கச்சேரி நெருங்க நெருங்க ஆள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"எழுதினவரைக் கேக்காமல் தொட்டது பிழை, தம்பி. ஒரு வளவுக்குள்ளை போறதெண்டாலும் வீட்டுக்காரரைக் கேட்டெல்லோ போறது."

"செத்தவரை எப்பிடி அண்ணை கேக்கிறது?"

கேட்ட பிறகுதான் என் வாயை நானே பொத்தினேன்.

அன்று ரெயில் ஸ்ட்ரைக். சிவா யாருடைய காரிலோ தொற்றி வேலைக்குப் போய்விட்டான். நானும் அண்ணையும் வீட்டில். ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும் குளிர்காலம். அண்ணை குசினி மேசையில், நாங்கள் காய் சுண்டி விளையாடும் கரம் போர்டைத் தூக்கி வைத்தார். ஒரு பக்கம் 'ஓம்', எதிர்ப் பக்கம் 'இல்லை' என்று கடதாசி ஒட்டினார். பவுடரைத் தூவி, நடுவில் கிளாஸைக் கவிழ்த்தார்.

"அவர் ஜெர்மன்காரர் அண்ணை. தமிழ் வாசிப்பாரோ?"

"செத்தாப்பிறகு என்ன பாஷை? விரலை வையும்."

"பவுடர் ஏன்?"

"பழைய ஆள். கஷ்டப்படாமல் தள்ளட்டும்."

பவுடர் போட்ட கரம் போர்டில், ஆவி என்ன, ஈ இருமினாலே கிளாஸ் ஓடும். இது எனக்குத் தெரியும். என் முழங்காலுக்குத் தெரியவில்லை. அது மேசைக்குக் கீழே தனியாக மிருதங்கம் வாசித்தது.

"இல்லையெண்டு வந்தால், வயலினைப் பெட்டியிலை வைச்சுப் பூட்டிப்போடுவன்," என்றார் அண்ணை. "பிறகு சாகும்வரை தொடமாட்டன்." கண்ணை மூடினார். "ஐயா, நான் வாசிக்கலாமோ?"

கிளாஸ் நகர்ந்தது. சத்தியமாக நானில்லை. என் விரல் நடுங்கிய நடுக்கத்துக்குத் திசையே கிடையாது. அது 'இல்லை'யை நோக்கி, மெல்ல மெல்ல, நேர்கோட்டில் போனது. நான் அண்ணையின் விரலைப் பார்த்தேன். அழுத்திய அழுத்தத்தில் நகம் வெளுத்திருந்தது. முகத்தில் வேர்வை. அப்போதுதான் விளங்கியது, இந்த வீட்டில் என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி ஒருவர் இருக்கிறார் என்று. வாசிக்க அவ்வளவு ஆசை. வாசித்துப் பிழையாகிவிடுமோ என்று அதைவிடப் பயம்.

"அண்ணை, நீங்கள்தான் தள்ளுறியள்!"

"நான் சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறன்!"

பூட்டிய அவருடைய அறைக்குள் வயலின் ஒலித்தது.

ஒரே ஒரு சுரம். நீளமாக, தாழ்வாக, யாரோ நித்திரையில் முனகுவதுபோல. கிளாஸ் 'இல்லை'க்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றது.

அதன் பிறகு எனக்கு ஞாபகமிருப்பது, குளியல் தொட்டிக்குள் குந்தியிருந்து தலையில் துவாயைப் போட்டிருந்தது. வெளியே அண்ணையின் குரல் கேட்டது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"வாரும் தம்பி வெளியாலை. அனுமதி கிடைச்சிட்டுது."

வேலை முடிந்து வந்த சிவா விழுந்து விழுந்து சிரித்தான். "ரெயில் போயிருக்கும் மச்சான். அந்த அதிர்விலை தந்தி பாடினது."

"ஓம், ஓம், ரெயில்தான்," என்றேன் நிம்மதியாக. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் ஸ்ட்ரைக்கை நினைத்துக்கொண்டோம். அன்றே சிவா தன் மெத்தையை என் அறைக்குள் இழுத்து வந்தான். எனக்குத் துணையாம்.

ஞாயிறு பின்னேரம் மண்டபத்தில் அண்ணை முன்வரிசைக் கதிரை ஒன்றில் தன் ரெயில்வே ஓவர்கோட்டைப் போட்டார்.

"இதிலை ஒருத்தரையும் இருத்தாதேயும். அவர் வருவார். நீர் பக்கத்திலை இரும்."

ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து, இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். எது உண்மை என்று எனக்கே தெரியாததால் "ஓம்" என்று தமிழிலேயே சொன்னேன். அவள் என் முகத்தையும் காலிக் கதிரையையும் பார்த்துவிட்டு மிகவும் பின்னால் போய் இருந்தாள்.

மேடையில் எல்லோரும் கதிரையில். அண்ணை மட்டும் பாயில் சப்பணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றியிருந்தார். பல் வைத்தியர் குனிந்து குனிந்து கோலை ஆட்டினார். தொழில் பழக்கம் கைகொடுத்தது.

முதலில் பெரிய வயலின்கள் தயங்கித் தயங்கி ஏதோ சொல்லின. பிறகு அண்ணையின் வில் எழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்தில் இத்தனை மாதம் என்னைச் சித்திரவதை செய்த அதே மெட்டு. ஆனால் அன்று, புத்தி தளம்பிக்கொண்டிருந்த ஒரு மனிதர், விழுந்துவிடாமல் எதையோ பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. என் இடப்பக்கம், கோட் கிடந்த பக்கம், ஐஸ்பெட்டியைத் திறந்தாற்போல் குளிர்ந்தது.

பாதியில் அண்ணை நிமிர்ந்து அந்தக் கதிரையைப் பார்த்தார். நல்ல ரசிகர் ஒருவர் முன்னாலிருந்து தலையாட்டினால் வித்துவான் பதிலுக்கு ஆட்டுவாரே, அப்படி மெல்லத் தலையாட்டிச் சிரித்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் கழுத்து மறுத்துவிட்டது.

அண்ணை போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போதும் எந்தக் கச்சேரிக்குப் போனாலும் இடப்பக்கக் கதிரையில் என் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் இருக்கிறேன். மனைவி கேட்டால், பயம் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். வயலின்காரர் நன்றாக வாசித்தால் மட்டும், அந்தப் பக்கம் திரும்பி, "எப்பிடி அண்ணை?" என்று மெல்லக் கேட்பேன்.